1,400 டெஸ்ட் கேஸ்களுக்கும் தப்பிய ஒரு பிழை

வாசகர் கேள்வி: மருத்துவமனைகளில் மருத்துவரைச் சந்திக்க முன்பதிவு செய்யும் மென்பொருளை உருவாக்கும் நிறுவனமொன்றில், ஐந்து பேர் கொண்ட சோதனைக் குழுவுக்குப் பொறுப்பேற்று எட்டு மாதங்கள் ஆகின்றன. மூன்று வாரத்துக்கு ஒரு முறை புதிய பதிப்பு வெளியாகிறது. அதில் கடைசி மூன்று நாட்கள் சோதனைக்கு உரியவை. எங்களிடம் 1,400 டெஸ்ட் கேஸ்கள் (ஒவ்வொன்றும் ஒரு சோதனைக்கான படிகளும் எதிர்பார்க்கும் விளைவும்) இருக்கின்றன. சென்ற முறை அனைத்தும் 'பாஸ்' ஆன பிறகே ஒப்புதல் அளித்தோம். ஆனால் வெளியான இரண்டாம் நாளே, ஒரே மருத்துவரிடம் ஒரே நேரத்துக்கு இரண்டு நோயாளிகளுக்கு முன்பதிவு உறுதியாகிவிட்டது என்று புகார் வந்தது. "இதைக்கூடவா சோதிக்கவில்லை?" என்று மேலாளர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. இன்னும் எத்தனை டெஸ்ட் கேஸ்கள் எழுத வேண்டும்? எல்லாவற்றையும் ஆட்டோமேஷனுக்கு, அதாவது கணினியே சோதனைகளை ஓட்டும் முறைக்கு, மாற்றிவிட்டால் இந்தச் சிக்கல் தீருமா? சோதனை போதும் என்று எப்போது சொல்லலாம்?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

முதலில் உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். 1,400 டெஸ்ட் கேஸ்களை ஐந்து பேருக்குப் பகிர்ந்தால் ஒருவருக்கு 280 வருகின்றன. மூன்று நாட்கள், நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் ஒருவருக்கு 1,440 நிமிடங்கள். அப்படியானால் ஒரு டெஸ்ட் கேஸுக்குக் கிடைப்பது ஐந்து நிமிடத்துக்குச் சற்றே அதிகம். அதற்குள் தரவைத் தயார்செய்து, படிகளை ஒவ்வொன்றாகச் செய்து, விளைவைப் பார்த்து, அதைப் பதிவும் செய்ய வேண்டும். இந்த வேகத்தில் யாராக இருந்தாலும் கண் திரையை விட்டு, 'பாஸ்' என்று குறிக்க வேண்டிய கட்டத்துக்கே போகும். நான் முன்பு பொறுப்பேற்ற ஒரு குழுவில், இரண்டு பதிப்புகளுக்கு முன்பே நீக்கப்பட்டுவிட்ட ஒரு திரைக்கான டெஸ்ட் கேஸ்கள் அப்போதும் 'பாஸ்' என்று குறிக்கப்பட்டு வந்ததைக் கண்டேன். அந்த ஊழியர்கள் பொய் சொல்லும் இயல்புடையவர்கள் அல்லர். செய்து முடிக்க இயலாத ஒரு வேலையை நாங்கள்தான் அவர்களிடம் கொடுத்திருந்தோம்.

ஆனால் நேரம் தாராளமாக இருந்திருந்தாலும் உங்கள் பிழை அகப்பட்டிருக்காது என்றே நினைக்கிறேன். அந்த 1,400 கேஸ்களில் எத்தனை, இரண்டு பேர் ஒரே கணத்தில் ஒரே நேரத்துக்கு முன்பதிவு செய்யும் நிலையைச் சோதிக்கின்றன? மென்பொருள் என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் தேவை ஆவணத்தில் உள்ள ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரு டெஸ்ட் கேஸாக மாற்றுவது பெரும்பாலான குழுக்களின் வழக்கம். 'பயனர் காலியாக உள்ள நேரத்தை முன்பதிவு செய்யலாம்' என்று ஆவணம் சொல்லும். அதைச் சோதித்திருப்பீர்கள், அது சரியாகவே இயங்கியிருக்கும். இரண்டு பயனர்களுக்கு அதே நேரம் ஒருசேரக் காலியாகத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதை ஆவணம் சொல்லவில்லை, ஆகவே யாரும் எழுதவும் இல்லை.

அநேகமாக நடந்தது இதுவாகத்தான் இருக்கும்: 'இந்த நேரம் காலியா?' என்று நிரல் தரவுத்தளத்தைக் கேட்கிறது. 'ஆம்' என்ற விடை வருகிறது. அதன் பிறகு முன்பதிவை எழுதுகிறது. கேட்பதற்கும் எழுதுவதற்கும் இடையே உள்ள சில மில்லி விநாடிகளில் இரண்டாமவரின் கோரிக்கையும் வந்து அதே கேள்வியைக் கேட்டால், அதற்கும் 'ஆம்' என்ற விடையே கிடைக்கும், இரண்டும் எழுதப்பட்டுவிடும். ரேஸ் கண்டிஷன் என்று நிரலாளர்கள் சொல்வது இதைத்தான். தனி ஒருவர் ஒரு திரையின் முன் அமர்ந்து நிதானமாகப் பொத்தானை அழுத்தும் எந்தச் சோதனையும், அதை ஆயிரம் முறை திரும்பச் செய்தாலும், இதை வெளிக்கொணராது. கோட் கவரேஜ் (நிரலின் எவ்வளவு பகுதி சோதனையில் ஓடியது என்ற அளவு) 100 விழுக்காடு என்று அறிக்கை வந்திருந்தாலும் இந்தப் பிழை அதற்குள்ளேயே இருந்திருக்கும். ஏனெனில் தவறிய வரி என்று எதுவும் இல்லை, எல்லா வரிகளும் சோதனையில் ஓடியவைதான்.

இந்த வகைப் பிழை எவ்வளவு கொடியதாக முடியலாம் என்பதற்கு தெராக்-25 என்ற கதிரியக்கச் சிகிச்சை இயந்திரத்தின் வரலாறு சான்றாக இருக்கிறது. 1985 முதல் 1987 வரை அந்த இயந்திரத்தால் ஆறு நோயாளிகள் அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். அவர்களில் சிலர் உயிரிழந்தார்கள். அவற்றுள் 1986ஆம் ஆண்டு டெக்சாஸில் நிகழ்ந்த இரண்டு விபத்துகளுக்கும் காரணம் நேரம் சார்ந்த ஒரு பிழை. இயந்திரத்தின் காந்தங்கள் தம் நிலைக்கு வர ஏறத்தாழ 8 விநாடிகள் ஆகும். அந்த இடைவெளிக்குள் இயக்குபவர் சிகிச்சை விவரத்தில் செய்த தவறைத் திருத்தி முடித்துவிட்டால், திருத்தம் திரையில் தெரிந்தும் இயந்திரத்துக்கு முழுமையாக எட்டவில்லை. மெதுவாகத் தட்டச்சு செய்தவரை அந்தப் பிழை தீண்டவில்லை. வேலையில் கை தேர்ந்து வேகம் கூடியபோதே அது வெளிப்பட்டது. இதே பிழை தெராக்-20 என்ற முந்தைய இயந்திரத்தின் மென்பொருளிலும் இருந்தது. ஆனால் அதில் இருந்த வன்பொருள் தடுப்புகள் ஆபத்தை மறித்துவிட்டதால் யாருக்கும் தெரியவில்லை. உங்கள் மென்பொருள் நேரடியாக யாருக்கும் தீங்கு செய்யாது என்றாலும், பயன்பாட்டின் வேகமும் நெரிசலும் சோதனை அறையில் இல்லாமல் போவது இரண்டுக்கும் பொதுவானது.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் விடை: புதிதாக ஒரு டெஸ்ட் கேஸ்கூட எழுதுவதற்கு முன், திட்டத்தின் தொடக்கப் புள்ளியை மாற்றுங்கள். 'இந்த மென்பொருள் என்ன செய்ய வேண்டும்?' என்று தொடங்காமல், 'இதில் என்ன நடந்தால் நம்மால் தாங்க இயலாது?' என்று தொடங்குங்கள். பதிப்பின் முதல் நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, நிரலாளர் ஒருவர், வாடிக்கையாளர் புகார்களைக் கேட்பவர் ஒருவர், முடிந்தால் மருத்துவமனையின் வரவேற்பில் இந்த மென்பொருளைப் பயன்படுத்துபவர் ஒருவர் ஆகியோருடன் அமர்ந்து இந்தக் கேள்வியைக் கேளுங்கள். ஒருவரின் மருத்துவ விவரம் இன்னொருவருக்குத் தெரிந்துவிடுவது, முன்பதிவு உறுதி என்று செய்தி வந்தும் பதிவே இல்லாமலிருப்பது, பணம் கழிந்தும் முன்பதிவு கிடைக்காமல் போவது, இரட்டை முன்பதிவு என்று ஒரு பட்டியல் அந்த ஒரு மணி நேரத்திலேயே திரண்டுவிடும். பிறகு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பீடுகள் வேண்டும்: நிகழ்ந்தால் எவ்வளவு பாதிப்பு, நிகழ எவ்வளவு வாய்ப்பு. பாதிப்பை, மென்பொருளைப் பயன்படுத்துபவர் சொல்வார். வாய்ப்பை நிரலாளர் சொல்வார். எந்தப் பகுதி அண்மையில் மாறியது, எது அவசரத்தில் எழுதப்பட்டது, எங்கே இரண்டு அமைப்புகள் ஒன்றோடொன்று பேசுகின்றன, எங்கே முன்பும் பிழைகள் குவிந்தன என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். பிழைகள் மென்பொருள் முழுவதும் சீராகப் பரவியிருப்பதில்லை. சில இடங்களில் கூட்டமாக இருக்கும். உங்கள் மூன்று நாட்களும் அந்த இடங்களுக்குப் போக வேண்டும்.

இந்த உரையாடலின் விளைவாக உருவாகும் இரண்டு பக்கம்தான் உங்கள் சோதனைத் திட்டம். ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பின் 829 என்ற தரநிலை 1983இலிருந்தே சோதனை ஆவணங்களுக்கு ஒரு வடிவத்தைக் கொடுத்து வந்தது. இப்போது அந்த இடத்தில் ஐஎஸ்ஓ 29119 இருக்கிறது. எதையும் மறந்துவிடவில்லையே என்று சரிபார்க்க அந்தத் தலைப்புகள் உதவும். ஆனால் எல்லாத் தலைப்புகளின் கீழும் ஏதாவது நிரப்பிவிட்டால் திட்டமிட்டதாகிவிடாது. ஒரு தலைப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள்: எதைச் சோதிக்கப் போவதில்லை, ஏன் என்பது. இதை எழுத்தில் வைக்கும்போதுதான் மேலாளர் அந்த முடிவில் பங்கு பெறுகிறார். 'அதையும் பாருங்கள், ஒரு நாள் கூடுதலாகத் தருகிறேன்' என்று சொல்லும் வாய்ப்பும் அவருக்கு அப்போதுதான் கிடைக்கிறது.

தேவை ஆவணம் பேசாத இடங்களைக் கண்டுபிடிக்க, எனக்கு மிகவும் பயன்பட்ட கருவி ஒரு சாதாரண அட்டவணை. ஒரு முன்பதிவு எந்தெந்த நிலைகளில் இருக்கலாம் என்று இடப்பக்கம் எழுதுங்கள்: கோரப்பட்டது, உறுதியானது, ரத்தானது, முடிந்தது. அதற்கு என்னென்ன நேரலாம் என்று மேலே எழுதுங்கள்: உறுதிசெய்தல், நேரம் மாற்றுதல், ரத்துசெய்தல், மருத்துவர் திடீர் விடுப்பு எடுத்தல், நோயாளி வராமலிருத்தல். நான்கும் ஐந்தும் பெருகி 20 கட்டங்கள் கிடைக்கின்றன. ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டங்களை நிரப்பத் தொடங்கினால், பாதிக்கும் மேற்பட்டவை வெறுமையாக நிற்பதைக் காண்பீர்கள். ரத்தான முன்பதிவின் நேரத்தை, பழைய திரையைத் திறந்தே வைத்திருந்த ஒருவர் மாற்ற முயன்றால் என்ன ஆகும்? முடிந்துவிட்ட சந்திப்பை ரத்துசெய்தால் பணம் திரும்பிவிடுமா? வெற்றுக் கட்டம் ஒவ்வொன்றும் நிரலாளரிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி. 'அப்படி நடக்காது' என்று அவர் சொல்லும் கட்டத்தை முதலில் சோதியுங்கள்.

எல்லை மதிப்புகளை, அதாவது அனுமதிக்கப்பட்ட அளவின் விளிம்பில் நிற்கும் மதிப்புகளைச் சோதிப்பதைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள், ஆகவே நீட்டிக்கவில்லை. ஆனால் உங்கள் துறையில் மிக முக்கியமான எல்லைகள் நாளும் நேரமும் என்பதை மட்டும் வலியுறுத்துகிறேன். நாளின் கடைசி நேரம், நள்ளிரவைத் தாண்டும் பதிவு, ரத்துக்கான கெடு முடியும் அந்த ஒரே நிமிடம், பிப்ரவரி 29 ஆகியவை ஒவ்வொரு பதிப்பிலும் பார்க்கப்பட வேண்டியவை. 2012ஆம் ஆண்டு பிப்ரவரி 29 அன்று மைக்ரோசாஃப்டின் அஷ்யூர் என்ற கிளவுட் சேவை முடங்கியதற்கு, ஒரு சான்றிதழின் காலாவதி நாளைக் கணக்கிட ஆண்டோடு ஒன்றைக் கூட்டிய நிரலே காரணம். 2013இல் பிப்ரவரி 29 என்ற நாளே கிடையாது. கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை முன்தள்ளும் நாடுகளில் உங்களுக்கு வாடிக்கையாளர்கள் இருந்தால், கடிகாரம் பின்தள்ளப்படும் இரவில் ஒரே மணி நேரம் இரண்டு முறை வரும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

அமைப்புகளின் (செட்டிங்ஸ்) சேர்க்கை பெருகும்போது எல்லாவற்றையும் சோதிக்க முயலாதீர்கள். ஆம், இல்லை என்ற விடையுள்ள பத்து அமைப்புகள் இருந்தாலே 1,024 சேர்க்கைகள் உருவாகும். ஆனால் எந்த இரண்டு அமைப்புகளை எடுத்தாலும் அவற்றின் நான்கு சேர்க்கைகளும் ஒரு முறையாவது வந்துவிட வேண்டும் என்று மட்டும் கேட்டால், ஆறு சோதனைகள் போதும். பேர்வைஸ் என்ற இந்த முறைக்கு இலவசக் கருவிகள் கிடைக்கின்றன. மூன்று அமைப்புகள் ஒன்றுகூடும்போது மட்டும் தோன்றும் பிழை இதில் தப்பலாம் என்பதால், தாங்க இயலாத பட்டியலில் உள்ளவற்றுக்கு மும்மூன்றாகச் சேர்த்துப் பாருங்கள்.

சோதனைத் தரவு பலருக்கும் சலிப்பூட்டும் பகுதி; ஆனால் 'டெஸ்ட்1', 'டெஸ்ட்2' என்ற பெயர்களோடு செய்யும் சோதனை உண்மையான பெயர்களைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. நம் மொழியிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் ககரத்தோடு ஒற்றைக் குறியைச் சேர்த்தும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்ற இரண்டு குறிகளைத் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நிரல் அவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராமல் ஒப்பிட்டால், ஒரு விசைப்பலகையில் பதிவான பெயர் இன்னொரு விசைப்பலகையில் தேடும்போது அகப்படாது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் இடம் பிடிக்கும் என்பதால், 50 பைட் என்று அளவு வைத்த பெயர்ப் புலம் 16 குறிகளோடு நிரம்பிவிடும். இத்தகைய பெயர்களை நீங்களே உருவாக்கிச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான நோயாளிகளின் தரவை அப்படியே சோதனைச் சர்வருக்கு நகலெடுப்பதை மட்டும் ஒருபோதும் ஏற்காதீர்கள்.

முந்தைய பதிப்பில் சரியாக இருந்தவை இப்போதும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கும் ரிக்ரஷன் சோதனைக்குத்தான் உங்கள் மூன்று நாட்களில் பெரும்பகுதி போகிறது என்று ஊகிக்கிறேன். இதில் 'எந்த நிரல் மாறியது?' என்று மட்டும் கேட்டுத் தேர்ந்தெடுப்பது போதாது. 'பயன்பாடு எங்கே மாறியது?' என்றும் கேட்க வேண்டும். 1996 ஜூன் 4 அன்று முதன்முறையாக ஏவப்பட்ட ஏரியன் 5 ராக்கெட், கிளம்பி ஒரு நிமிடம் ஆவதற்குள் சிதறியது. அதன் திசையறி அமைப்பின் மென்பொருள் ஏரியன் 4இல் பிழையின்றி இயங்கியது. புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் அதிகமானதால், 64 பிட் எண் ஒன்றை 32,767க்கு மேல் கொள்ளாத 16 பிட் எண்ணாக மாற்றும் இடத்தில் அது நின்றுவிட்டது. மாற்று ஏற்பாடாக இருந்த இரண்டாவது அமைப்பிலும் அதே மென்பொருள் இருந்ததால் அதுவும் நின்றது. புதிய பாதையின் தரவைக் கொண்டு அந்த அமைப்பைத் தரையில் சோதித்திருந்தால் பிழை வெளிப்பட்டிருக்கும் என்பதை விசாரணைக் குழு கண்டது. சிறிய மருத்துவமனைகளுக்காக எழுதிய மென்பொருளை உங்கள் நிறுவனம் அண்மையில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு வழங்கியிருந்தால், ஒரு வரிகூட மாறாத பகுதியும் உங்களுக்குப் புதிய பகுதிதான்.

இனி ஆட்டோமேஷன். எல்லாவற்றையும் மாற்றினால் தீருமா என்றால், தீராது. நீங்கள் எழுதிய ஒப்பீட்டைத்தான் இயந்திரம் செய்யும், எழுதாததைக் கவனிக்காது. இருக்கும் 1,400ஐயும் அப்படியே மாற்றினால், அதே குருட்டுப் புள்ளிகள் வேகமாக ஓடும். விதிகளைச் சரிபார்க்கும் சோதனைகளை ஏபிஐ (திரை இல்லாமல் நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் வாயில்) அளவில் எழுதுங்கள். அவை விரைவாக ஓடும், பொத்தானின் இடம் மாறியதற்காக உடையா. திரை வழியான ஆட்டோமேஷனை மிக முக்கியமான சில பாதைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அப்படி விடுபடும் நேரத்தில், ஒரு கேஸும் கையில் இல்லாமல், 'மருத்துவர் விடுப்பு எடுத்தால் என்னென்ன குலையும்?' என்பது போன்ற ஒரே நோக்கத்தோடு ஒருவர் தொண்ணூறு நிமிடம் மென்பொருளைத் துருவிப் பார்த்துக் குறிப்பெடுக்கட்டும்.

ஆட்டோமேஷனில் ஒரு பழக்கத்தை மட்டும் கடுமையாக எச்சரிக்க விரும்புகிறேன். சில நேரம் பாஸ், சில நேரம் ஃபெயில் என்று ஊசலாடும் சோதனைகளைப் பாஸ் ஆகும்வரை திரும்ப ஓட்டிவிட்டு நகர்வது பல குழுக்களில் இயல்பாகிவிட்டது. அந்த ஊசலாட்டம் சோதனையின் குறையாகவும் இருக்கலாம், மென்பொருளின் ரேஸ் கண்டிஷனாகவும் இருக்கலாம். ஏற்கெனவே தானியங்கிச் சோதனைகள் சில உங்களிடம் இருக்குமானால், சென்ற பதிப்பின் பதிவுகளை எடுத்து, முன்பதிவு தொடர்பான ஏதாவது ஒன்று ஒரு முறை தோற்று மறுமுறை தேறியிருக்கிறதா என்று பாருங்கள்.

போதும் என்று எப்போது சொல்வது? சோதனையால் பிழைகள் இருப்பதைக் காட்ட இயலும், அவை இல்லை என்று ஒருபோதும் காட்ட இயலாது என்று கணினி அறிவியலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1969இலேயே சொல்லிவிட்டார். ஆகவே 'போதும்' என்பது கண்டறியப்படும் உண்மையல்ல, எடுக்கப்படும் முடிவு. அதைத் தனியாக எடுக்கும் சுமை சோதனைக் குழுவின் மேல் இருக்கக் கூடாது. 'ஒப்புதல்' என்ற சொல்லையே உங்கள் அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டு, இப்படி எழுதிப் பாருங்கள்: 'தாங்க இயலாதவை என்று வகுத்த ஒன்பதில் ஏழை ஆழமாகச் சோதித்தோம். பணம் திரும்பக் கொடுக்கும் பகுதியை மேலோட்டமாகவே பார்த்தோம். அதற்கான சோதனைச் சூழல் இரண்டு நாள் இயங்கவில்லை. 500 பேர் ஒருசேர நுழையும் நிலையைச் சோதிக்கவில்லை. தெரிந்த பிழைகள் நான்கு. அவற்றில் ஒன்று எங்களுக்குக் கவலை தருகிறது.' இதைப் படிக்கும் மேலாளர், எதைத் தெரிந்து எதைத் தெரியாமல் வெளியிடுகிறோம் என்று அறிந்தே முடிவெடுப்பார். அவர் கேட்ட கேள்விக்கும் நேர்மையான விடை இருக்கிறது: அந்த நிலையைச் சோதிக்கவில்லை, ஏனெனில் அது யாருடைய பட்டியலிலும் இல்லை, இனிமேல் பட்டியல் உருவாகும் முதல் நாளிலேயே சோதனைக் குழுவும் அந்த அறையில் இருக்க வேண்டும். இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒரே மருத்துவர், ஒரே நேரம், ஐம்பது கோரிக்கைகள் ஒரே கணத்தில் ஏபிஐக்குப் போகும்படி ஒரு சோதனை எழுதுங்கள்; ஒன்று மட்டும் வெல்ல வேண்டும், மற்ற நாற்பத்தொன்பதும் தெளிவான மறுப்புச் செய்தி பெற வேண்டும். நேரம் சார்ந்த பிழை ஒரு முறையில் அகப்படாது என்பதால் இதை இருநூறு முறை ஓட்டுங்கள். அது தேறினாலும் அத்தோடு நிற்காமல், மருத்துவர், நாள், நேரம் மூன்றும் சேர்ந்து நடப்பில் உள்ள ஒரு முன்பதிவில் மட்டுமே இருக்கலாம் என்ற கட்டுப்பாடு தரவுத்தளத்திலேயே போடப்பட்டிருக்கிறதா என்று நிரலாளரிடம் கேட்டு, கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக, பிழையோடு வெளியான அந்தப் பழைய பதிப்பை ஒரு சர்வரில் நிறுவி, உங்கள் புதிய சோதனையை அதன் மேல் ஓட்டுங்கள். அங்கே அது தோற்க வேண்டும். தோற்கவில்லை என்றால் சோதனையைத் திருத்தி எழுதுங்கள். அதுவரை அந்தப் பதிப்பை யாரும் அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.